முதலில் மழையைக் கேளுங்கள்

ஆப்பிரிக்க சஃபாரி போவது என்று முடிவெடுத்த குடும்பம் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களோடு சுற்றுலா முகவரிடம் போகிறது. ஒன்று விலங்குப் பட்டியல்: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தையும் பார்த்துவிட வேண்டும். மற்றொன்று இடப் பட்டியல்: கென்யா என்றால் நைரோபியில் இறங்கி அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா என்று ஒரே வாரத்தில் நான்கு இடங்கள். தேதி கடைசியில் வருகிறது. பள்ளி விடுமுறையோ அலுவலக விடுப்போ கிடைக்கும் வாரம் எதுவோ அதுவே பயண வாரம். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே என் வாதம். எந்த மாதம் போகிறோம், அந்த மாதத்தில் மழை எங்கே பெய்கிறது, புல்லும் தண்ணீரும் எங்கே இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். அந்தப் பதில் இடத்தைச் சொல்லும். இடம் ஒன்று தெரிந்தபின் அங்கேயே கூடுதல் நாள் தங்குங்கள். விலங்குகள் தாமாக வந்து சேரும். அந்த ஐந்து விலங்குப் பட்டியல்கூட நமக்காக எழுதப்பட்டதல்ல. நடந்து போய்ச் சுடும் வேட்டைக்காரருக்கு எவை உயிராபத்து மிக்கவை என்று அக்கால வேட்டையர்கள் வைத்த கணக்கு அது. கேமராவோடு வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயன் இல்லை. அதில் ஒட்டகச்சிவிங்கி இல்லை, சிவிங்கிப்புலி இல்லை, நீர்யானையும் இல்லை.

மழை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை செரெங்கெட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். அதன் வடக்கு விளிம்பில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கென்யாவின் மசாய் மாரா காப்பகம் தொடங்குகிறது. அது 1,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சிறியது. நமக்குத்தான் இவை இரண்டு நாடுகள். மாட்டு முகமும் தாடியும் கொண்ட வில்டபீஸ்ட் என்ற மான் இனத்துக்கு இது ஒரே மேய்ச்சல் நிலம். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்களும், கூடவே லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் சிறுமான்களும் ஆண்டு முழுவதும் இந்த நிலத்தைச் சுற்றிவருகின்றன. சுற்றுக்குக் காரணம் புல். தெற்கே இங்கோரோங்கோரோ மலைப் பகுதியின் எரிமலைகள் முன்னொரு காலத்தில் கக்கிய சாம்பல் படிந்த சமவெளியில், சுண்ணமும் பாஸ்பரஸும் நிறைந்த குட்டைப் புல் முளைக்கிறது. குட்டி ஈனும் தாய்க்கும் பால் குடிக்கும் கன்றுக்கும் அதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் அங்கே நிலையான ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டுமே அந்தச் சமவெளி உயிரோடிருக்கும். ஆகவே டிசம்பரிலிருந்து மார்ச் வரை கூட்டம் தெற்கே நிடுட்டு பகுதியில் இருக்கிறது; பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கின்றன. ஏப்ரல், மே கடந்து தெற்கு காய்ந்ததும் மேற்காகவும் வடக்காகவும் நகர்கின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, வறண்ட காலத்திலும் ஓடும் மாரா ஆற்றின் இரு கரைகளிலும் அலைகின்றன. நவம்பரில் குறுமழை விழுந்ததும் மீண்டும் தெற்கே திரும்புகின்றன.

இந்தச் சுற்று இயற்கையின் நிலையான ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. 1890-களில் ஆப்பிரிக்கா முழுவதும் பரவிய மாட்டு வெக்கைநோய் இந்த இனத்தை ஏறக்குறையத் துடைத்துப்போட்டது. 1960-களின் தொடக்கத்தில்கூட எண்ணிக்கை இரண்டரை லட்சத்தை ஒட்டியே இருந்தது. சுற்றுப்புறத்து மசாய் மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டபின், காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் விலகி, 1970-களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. காட்டுக்கு வெளியே இருக்கும் மாடு நலமாயிருந்ததால் காட்டுக்குள் இருக்கும் விலங்கு பிழைத்தது. பூங்காவுக்கு வெளியே வாழ்பவர்களின் நலனும் உள்ளே இருக்கும் விலங்கின் நலனும் பிரிக்க முடியாதவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பணத்தை எங்கே செலவழிப்பது என்ற கேள்விக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

ஆண்டு முழுவதும் நடக்கும் இந்தச் சுற்றிலிருந்து உலகம் ஒரே ஒரு காட்சியைப் பிய்த்தெடுத்து வைத்திருக்கிறது: முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் ஆயிரக்கணக்கான வில்டபீஸ்ட்கள் குதிப்பது. தொலைக்காட்சி ஆவணப்படங்கள் அதை நமக்கு மனப்பாடமாக்கிவிட்டன. பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதையே பயணத்தின் மையமாக வைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆகஸ்ட் மாதம் உலகின் பாதிப் பேர் அங்கே வருகிறார்கள். மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர்; 2024 முதல் ஜூலை தொடங்கி டிசம்பர் வரை 200 டாலர். பெரியவர்கள் நான்கு பேர் மூன்று நாள் சுற்றினால் நுழைவுக் கட்டணத்தில் மட்டும் 1,200 டாலர் வித்தியாசம். தங்குமிட வாடகையும் அதே மாதங்களில்தான் உச்சம். இவ்வளவும் கொடுத்துவிட்டு ஆற்றங்கரையில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். கூட்டம் கரைவரை வந்து, தயங்கி, திரும்பிப் போய்விடுவதும் வழக்கமாக நடப்பதுதான். எந்த நாளில் எந்தத் துறையில் இறங்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. உறுதி சொல்லும் முகவரை நம்பாதீர்கள்.

பயணிகள் கூட்டத்தின் விலையை விலங்குகளும் கொடுக்கின்றன. மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் வாழும் தாய்ச் சிவிங்கிப்புலி சராசரியாக 0.2 குட்டியைத்தான் தனித்து வாழும் வயது வரை வளர்த்தெடுக்கிறது என்றும், வண்டிகள் குறைந்த பகுதியில் இது 2.3 குட்டி என்றும் கண்டது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பகலில் வேட்டையாடும் விலங்கு அது. இருபது வண்டிகள் சூழ்ந்து நின்றால் அதன் வேட்டை கெடுகிறது, இரையைப் பறிக்க வரும் கழுதைப்புலிக்கும் சிங்கத்துக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடக்கே பயணிகள் வண்டியைவிட்டு இறங்கி ஆற்றங்கரையில் திரண்டு நின்ற காணொளி பரவி, விதிகளைக் கடுமையாக்குவதாகப் பூங்கா நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பயணிகள் எல்லோரும் ஒரே மாதத்தில் ஒரே காட்சியைக் கேட்டால், ஓட்டுநர் வேறு எங்கே வண்டியை விடுவார்?

‘வாழ்நாளில் ஒரே முறை போகிறோம், அதையும் பார்க்காமல் வருவதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ஒரே முறை போகிறவருக்குத்தான் சூதாட்டம் பெரிய இழப்பு. சிங்கங்கள் வில்டபீஸ்ட் கூட்டத்தின் பின்னாலேயே அலைவதில்லை. அவற்றுக்குச் சொந்த எல்லை உண்டு, ஆண்டு முழுவதும் அதற்குள்தான் இருக்கும். மாராவின் சிங்கக் குடும்பங்களை ஜனவரியிலும் பார்க்கலாம். செரெங்கெட்டியின் நடுவே செரோனேரா ஆற்றோரத்து மரங்களில் சிறுத்தையைத் தேடுவதற்கு எந்த மாதமும் தடையில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் அங்கே நவம்பர் குறுமழைக்கும் ஏப்ரல் நெடுமழைக்கும் இடைப்பட்ட வெயில் காலம்; மாராவில் கட்டணம் பாதி, கூட்டமும் குறைவு. அதே மாதங்களில் எல்லைக்குத் தெற்கே நிடுட்டுவில் கன்றுகள் பிறந்து சில நிமிடங்களில் எழுந்து நிற்பதையும், அவற்றைக் குறிவைத்துச் சிவிங்கிப்புலி வருவதையும் பார்க்கலாம். ஆற்றுக் காட்சியைவிட இதில் வாழ்வும் சாவும் குறைந்தா போயின? இல்லை, ஆற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், செப்டம்பர் கடைசி வாரத்தில், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போங்கள். ஆகஸ்டின் நெரிசல் சற்றுத் தணிந்திருக்கும், கூட்டங்கள் இன்னும் ஆற்றோரத்தில் இருக்கும். குறைந்தது நான்கு இரவாவது ஒதுக்குங்கள். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் ஆகஸ்ட் அல்ல, ஏப்ரலும் மேயும்தான். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது அப்போது. கென்யாவிலும் தான்சானியாவிலும் நெடுமழை பெய்வதும் அப்போதுதான். மாராவின் மண் பெரும்பகுதி நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போன்றது. மழையில் நனைந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூடச் சிக்கிக்கொள்ளும். சில தங்குமிடங்கள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியே இருக்கும். வாடகை மலிவாகக் கிடைக்கிறது என்று முகவர் அந்த மாதத்தை நீட்டினால், மலிவின் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை, பசுமையும் தனிமையும் போதும் என்பவருக்கு அது நல்ல பேரம்தான். சிறுபிள்ளைகளோடு முதல் முறை போகும் குடும்பத்துக்கு அல்ல. அந்தக் குடும்பம் மே மாதத்தில் தெற்கே போகலாம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். புதர் காய்ந்து பார்வை திறக்கும். குட்டைகள் வற்றி, மிஞ்சிய நீர்நிலைகளுக்கு விலங்குகள் வந்தே ஆக வேண்டும். மழைதான் அட்டவணை என்பதற்கு விசித்திரமான இன்னொரு சாட்சி போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்யும் மழை மெல்ல வழிந்துவந்து அந்தக் கழிமுகத்தை நிரப்பும்போது ஜூன், ஜூலை ஆகிவிடுகிறது. சுற்றியுள்ள நிலம் முழுவதும் வறண்டு கிடக்க, அங்கே மட்டும் வெள்ளம். ஆனால் ஒகவாங்கோ பணக்காரர்களின் இடம். போட்ஸ்வானா அரசே குறைந்த பயணிகள், கூடுதல் விலை என்ற கொள்கையை வைத்திருக்கிறது. அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் வரும் நாட்களில் கிழக்கு ஆப்பிரிக்கா நம்மோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காலம் முடிவானபின் அடுத்த தவறு இடங்களை அடுக்குவது. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியே ஐந்தாறு மணி நேரம். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்கு ஏழெட்டு மணி நேரம். வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். விலங்குகளுக்குத் திறந்திருக்கும் அந்த எல்லை 1977 முதல் பயணிகளுக்கு மூடியே இருக்கிறது. வண்டியில் போகிறவர்கள் வெகுதூரம் சுற்றி வேறு சோதனைச்சாவடி வழியாகத்தான் கடக்க வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஏழு நாளில் நான்கு பூங்கா என்றால் மூன்று பகல் நெடுஞ்சாலைக்குப் போகிறது. விலங்குகள் நடமாடுவது விடியலிலும் அந்திக்கு முன்னும்தான். இடம் மாறும் நாளில் அந்த இரண்டு வேளையுமே பறிபோகின்றன. ஒரே இடத்தில் நான்கு இரவு தங்கினால் நான்கு விடியல் முழுதாகக் கிடைக்கும். முதல் நாள் பார்த்த சிங்கக் குடும்பம் மூன்றாம் நாள் எங்கே நகர்ந்தது, அடிபட்டிருந்த குட்டி என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்க்கலாம். வழிகாட்டிக்கும் உங்கள் ஆர்வம் எதில் என்று பிடிபட அவகாசம் கிடைக்கிறது. வழிகாட்டியின் திறமைதான் பயணத்தின் பாதி. கென்யாவில் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வண்டி எது, அறையில் நீச்சல் குளம் உண்டா என்று விசாரிக்கும் முன் வழிகாட்டி எந்தத் தரம் என்று விசாரியுங்கள். இரண்டாவது இடம் ஒன்று வேண்டுமென்றால் முதலாவதிலிருந்து மாறுபட்ட ஒன்றாக இருக்கட்டும். மாராவோடு அம்போசெலி சேரும்: கிளிமஞ்சாரோவிலிருந்து நிலத்தடியே வந்து ஊறும் நீரில் அங்கே சதுப்புகள் கோடையிலும் வற்றுவதில்லை, யானைகள் அவற்றை விட்டு அகலுவதும் இல்லை. 1972 முதல் ஆய்வாளர்கள் அந்த யானைகளைப் பெயர் சொல்லி, குடும்பம் குடும்பமாகப் பதிவுசெய்து வருகிறார்கள்.

இனி பணம். 1977 முதல் 2016 வரையான வான்வழிக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த ஆய்வாளர்கள், கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்துவிட்டன என்று கண்டார்கள். வேட்டை 1977-லேயே தடைசெய்யப்பட்ட நாடு அது. பிறகு எப்படி? அந்நாட்டு விலங்குகளில் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியே, மேய்ச்சல்காரர்களின் நிலத்தில் வாழ்கிறது. அந்த நிலம் துண்டுபட்டு வேலி ஏறினால் விலங்கின் வழி அடைபடுகிறது. வேலி போடாமல் விட்டுவைப்பதால் நிலக்காரருக்கு என்ன லாபம்? இதற்கு விடையாக எழுந்தவைதான் மாராவைச் சுற்றியுள்ள சமூகக் காப்பு நிலங்கள்: நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்றவை. மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்துக் குத்தகைக்கு விடுகின்றன. தங்குமிடங்கள் விலங்கு வந்ததா வரவில்லையா என்று பாராமல் ஏக்கர் கணக்கில் குத்தகை கொடுக்கின்றன. கூடாரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு விலங்கருகே நிற்கும் வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. மாரா காப்பகத்திலும் ஐந்து வண்டிக்கு மேல் சூழக் கூடாது என்ற விதி இருக்கத்தான் செய்கிறது, கூட்ட நாட்களில் அதை யாரும் காப்பாற்றுவதில்லை. காப்பு நிலங்களில் இரவுச் சவாரியும் காவலரோடு நடந்து போவதும் அனுமதிக்கப்படுகின்றன. காப்பகத்துக்குள் மாலையோடு எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கும் குறைகள் இருக்கின்றன. குத்தகை நிலத்தில் மாடு மேய்க்கக் கட்டுப்பாடு வருகிறது. நிலமில்லாத குடும்பத்துக்கும் பெண்களுக்கும் குத்தகைப் பணம் எட்டாமல் போகிறது என்ற விமர்சனம் உண்மையானது. 2020-ல் பெருந்தொற்று வந்து பயணிகள் நின்றபோது, சுற்றுலாவை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதும் வெளிப்பட்டது. ஆனாலும் வேலிக்கும் உழவுக்கும் எதிராக நிலத்தைத் திறந்துவைக்க ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் காசு தரும் ஏற்பாடு இதைவிட்டால் அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ‘அங்கே தங்க நம்மால் முடியுமா?’ என்பது அடுத்த கேள்வி. விலை கூடுதல்தான், நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். நான்கு பூங்காக்களுக்குக் கொடுக்கும் நுழைவுக் கட்டணம், நெடுந்தூர வண்டி வாடகை, வழியில் தங்கும் இரவு எல்லாவற்றையும் கழித்து, ஜனவரி போன்ற கூட்டமில்லா மாதத்தின் விலையை வாங்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடைவெளி முதலில் தெரிந்த அளவு இருக்காது. அப்போதும் கட்டுப்படியாகவில்லை என்றால் குரூகர் இருக்கிறது. அரசின் தங்குமிடங்கள் சிக்கனமானவை. ஸ்குகூசா, சட்டாரா, லோயர் சாபி முகாம்களுக்குப் பல மாதம் முன்பே பதிவுசெய்துவிட வேண்டும். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள், சாதாரண வாடகைக் காரை நாமே ஓட்டலாம், வண்டி ஓடுவதும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்.

‘முதுமலையும் ஆனைமலையும் இருக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பானேன்?’ என்பதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்த மறுப்பு. விமானப் புகை சின்ன விஷயமல்ல. நம் காடுகளை ஒருமுறைகூடப் பொறுமையாகப் பார்க்காதவர் முதலில் அங்கே போவதே சரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம் காட்டில் மரங்களுக்கிடையே ஒரு கணம் தெரிந்து மறையும் விலங்கை, அந்தப் புல்வெளியில் ஒரு காலைப்பொழுது முழுவதும் பார்க்கலாம்: எப்படிப் பதுங்குகிறது, எப்படிக் கூட்டம் காவல் காக்கிறது, எப்படிக் குட்டி கற்றுக்கொள்கிறது என்பதையெல்லாம். அந்தப் புரிதலோடு திரும்புகிறவர் முதுமலையையும் வேறு கண்ணால் பார்ப்பார். பறப்பதுதான் என்றால், ஆண்டுக்கொரு நாடு என்று மூன்று அவசரப் பயணங்கள் வேண்டாம். ஒரே பயணத்தில் பத்து நாள் தங்கி வருவது புகைக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது.

ஏற்பாடுகளில் முதலிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு. கென்யா சென்று திரும்புவோரிடம் இந்திய அரசு அந்தச் சான்றிதழைக் கேட்கிறது. இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு தேவைப்படும் என்பதால் ஒரு மாதம் முன்பே பாருங்கள். தென்னாப்பிரிக்காவுக்குப் போனாலும் வழியில் வேறொரு ஆப்பிரிக்க நகரில் விமானம் மாறினால் சான்றிதழ் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். கென்யாவுக்கு விசாவுக்குப் பதிலாக 2024 முதல் இணையவழிப் பயண அனுமதி. தென்னாப்பிரிக்க விசாவுக்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்க வேண்டும். நிலநடுக்கோடு என்பதால் வெக்கையாக இருக்கும் என்று நம்பி மெல்லிய துணி மட்டும் எடுத்துப் போகாதீர்கள்: மாரா ஊட்டி அளவு உயரம் இல்லையென்றாலும் 1,500 மீட்டருக்கு மேல், திறந்த வண்டியில் விடியற்காலை நடுங்கவைக்கும். சிறு விமானத்தில் போவதானால் 15 கிலோவுக்கு மேல் அனுமதியில்லை, மென்மையான பைதான் ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் தடைசெய்துவிட்டன. பெட்டியில் இருந்து எடுத்துவிடுங்கள். சைவர்களுக்குக் கவலை வேண்டாம். தலைமுறைகளாக அங்கே வாழும் குஜராத்தி மக்களால் பருப்பும் சப்பாத்தியும் நைரோபிக்கும் அருஷாவுக்கும் பழக்கப்பட்டவை.

முகவரிடம் போகும்போது இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நான் போகும் மாதத்தில் அந்த இடத்தில் மழை எப்படி? நீங்கள் தரும் திட்டத்தில் எத்தனை விடியல் காட்டுக்குள், எத்தனை விடியல் சாலையில்? இரண்டுக்கும் நேரான பதில் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டி நின்றால் நாம் போக வேண்டாம், விலகிக்கொள்ளலாம், அதற்காக உங்கள் அன்பளிப்பு குறையாது. பயணிகள் வாயால் அதைக் கேட்டால்தான் வழிகாட்டியால் வண்டியைத் திருப்ப முடியும்.